பாட்டியின் சிவப்புக்கல் அட்டிகை அசலா? மரகத மோதிரத்தைத் தினமும் போடலாமா?

கேட்கப்பட்ட கேள்வி: கடலூரில் இருக்கிறேன். பாட்டியின் சிவப்புக்கல் அட்டிகை என் கைக்கு வந்திருக்கிறது. போன மாதம் பாண்டியில் ஒரு மரகத மோதிரமும் வாங்கினேன். கற்கள் அசல்தானா, தரமானவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எப்படிச் சுத்தம் செய்வது?

அவசரமாக இருப்பவர்களுக்கு முதலில் இரண்டே வரி. அட்டிகையைத் தண்ணீரில் போடாதீர்கள். மரகத மோதிரத்தை வேலை செய்யும் கையில் தினமும் போடாதீர்கள்.

என் அப்பா முத்தியால்பேட்டையில் கல் பதிக்கும் வேலை செய்தவர். நான் ரத்தினவியல் படித்துவிட்டு, கடைகளுக்குக் கல் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் நீங்கள் கேட்டதைத்தான் கேட்கிறார்கள்: "இது அசலா, டூப்ளிகேட்டா?" அதற்குப் பதில் தெரிந்தாலும் பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதி, இந்தக் கல்லுக்கு மனிதன் என்னென்ன செய்திருக்கிறான் என்பது. சூடாக்கினானா, எண்ணெய் ஊற்றினானா, கண்ணாடியை நிரப்பினானா? விலை அதைப் பொறுத்தது. வீட்டில் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

அட்டிகைக்கு வருவோம். பாட்டி காலத்து நகை, அதனால் மண்ணிலிருந்து எடுத்த கல்லாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்போம். அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. ஓகுஸ்த் வெர்னேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் மாணிக்கத்தைச் செயற்கையாக உருவாக்கும் முறையை 1902இலேயே அறிவித்துவிட்டார் (அப்போது பாண்டியை ஆண்டதும் அவர் நாட்டுக்காரர்கள்தான்!). அலுமினியம் ஆக்சைடு பொடியோடு துளி குரோமியம் சேர்த்து, ஹைட்ரஜன் சுடர் வழியே கொட்டுவார்கள். பொடி உருகிக் கீழே ஒரு தண்டின் மேல் சொட்டுச் சொட்டாக வளரும். சுரங்க மாணிக்கத்துக்கும் இதற்கும் வேதிப்பொருள் ஒன்று, கடினம் ஒன்று, அடர்த்தியும் ஒன்று. நூறு வருடத்துக்கு மேலாகச் சந்தையில் இருக்கும் சரக்கு இது. ஆகவே பாலில் போட்டால் பால் சிவக்கும், ஊதினால் ஆவி சட்டென்று மறையும், கண்ணாடியைக் கீறும் என்றெல்லாம் சொல்லும் சோதனைகளில் பொழுதை வீணாக்க வேண்டாம். கண்ணாடியைச் செயற்கை மாணிக்கமும் நன்றாகவே கீறும்.

வித்தியாசம் லென்ஸுக்குள் தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை மெல்லத் திருப்ப வேண்டும். இயற்கைக் கல்லில் நிறக்கோடுகள் நேராக ஓடி, கோணத்தில் மடங்கும். பல கற்களில் மெல்லிய ஊசிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும், வெளிச்சம் பட்டால் பட்டு நூல் மாதிரி மினுங்கும். வெர்னேய் கல்லில் கோடுகள் வளைந்திருக்கும், அங்கங்கே குட்டிக் குட்டியாகக் காற்றுக்குமிழிகள் இருக்கும். அந்த வளைகோடு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் மேலே விவாதமே இல்லை. ஆனால் அதைப் பார்க்கப் பழக்கம் வேண்டும். சில கல்லில் லென்ஸ் போதாது, மைக்ராஸ்கோப்தான் காட்டும்.

உங்கள் அட்டிகையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காலத்து வேலையில் பெரும்பாலும் கல்லின் அடிப்பக்கம் மூடியிருக்கும். உள்ளே அரக்கு, அதன்மேல் பளபளக்கும் மெல்லிய தகடு, அதற்கும் மேலே கல். நாம் பார்க்கும் சிவப்பில் பாதி அந்தத் தகடு கொடுப்பது. கல்லைக் கழற்றாமல் ஒவ்வொன்றையும் இயற்கையா செயற்கையா என்று பரிசோதனைக் கூடம்கூட உறுதியாகச் சொல்வது கஷ்டம். கழற்றினால் பழைய தங்கம் கிழியலாம், கல் ஓரம் உடையலாம். விற்கப்போவதில்லை, சொத்துப் பிரிக்கவில்லை என்றால் கழற்றாதீர்கள் என்பதுதான் என் கருத்து. கெம்பு (சிவப்புக்கல்) அட்டிகையின் மதிப்பு பெரும்பாலும் தங்கத்திலும் வேலைப்பாட்டிலும்தான். அதில் அசல் மாணிக்கம் இருந்தாலும் சிறிய, மங்கலான கற்களாக இருப்பதே வழக்கம்.

இப்படி அடி மூடிய கட்டடத்தில் (கல்லைப் பதித்திருக்கும் அமைப்பைக் கட்டடம் என்போம்) தண்ணீர் இறங்கினால் தகடு கறுத்துவிடும். "கல்லு செத்துப்போச்சு தம்பி" என்று கொண்டுவருவார்கள். கல்லுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது, அடியில் உள்ள தகடுதான் போயிருக்கும். மெல்லிய பருத்தித் துணியைச் சற்றே ஈரமாக்கி மேல்பக்கம் மட்டும் ஒற்றி எடுங்கள், உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். அவ்வளவுதான் அதற்குப் பராமரிப்பு. ஏற்கெனவே இரண்டு மூன்று கல் கறுத்திருந்தால் தகடு மாற்றத் தெரிந்த பழைய கைகளைத் தேடிப் பிடியுங்கள், இந்த வேலைக்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறது. கொடுக்கும் முன் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் கிட்டத்தில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லும் கண்ணாடியும் கலந்து புழங்குவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டினார், பிறகு பிரெஞ்சுக்காரர் கசாலும் தோண்டினார். சூதுபவளம், செவ்வந்திக்கல், படிகம், கார்னெட் என்று மணிகள் கிடைத்த அதே மேட்டில் வண்ணக் கண்ணாடி மணிகளும் குவியலாகக் கிடைத்தன. இரண்டையும் அங்கேயே செய்திருக்கிறார்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அந்த மணிகளைப் பார்க்கலாம். கல் வாங்கப் போகும் முன் ஒருமுறை போய் நின்று பாருங்கள், இரண்டாயிரம் வருடத்து மெருகு இன்னும் அப்படியே இருக்கிறது.

தரம் என்று வந்தால் வண்ணக் கல்லில் முதல் இடம், இரண்டாம் இடம் எல்லாம் நிறத்துக்குத்தான். வைரத்தில் கண்ணுக்குத் தெரியாத புள்ளிக்குக்கூட விலை குறையும். மாணிக்கத்திலும் மரகதத்திலும் நிறம் நன்றாக இருந்தால் உள்ளே கொஞ்சம் குறை இருப்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. நிறம் கருமையாகவும் இருக்கக்கூடாது, வெளுத்தும் இருக்கக்கூடாது, நடுவில் நின்று நிறைந்து தெரிய வேண்டும். கடையின் விளக்கில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் விளக்கு சிவப்பை ஏற்றிக் காட்டும், வெள்ளை விளக்கு நீலத்தை ஏற்றிக் காட்டும். கடைக்காரரிடம் கேட்டு வாசல் நிழலுக்கு வந்து பாருங்கள். நேர் வெயிலில் வேண்டாம், நிழலில். கொடுக்கத் தயங்கினால் வேறு கடை பார்க்கலாம்.

அப்புறம் பட்டை. கல்லை நேராக மேலிருந்து பாருங்கள். நடுப்பகுதி வெளுத்து, அடியில் இருக்கும் விரல் ரேகை தெரிகிறது என்றால் பட்டை சரியாகத் தீட்டவில்லை. எடை குறையக்கூடாது என்று தட்டையாக விட்டிருப்பார்கள். சில கல்லில் இதற்கு நேர்மாறாக வயிறு பெருத்திருக்கும். அந்த எடைக்கும் காசு கொடுக்கிறீர்கள், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எடையைக் கேரட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு கேரட் என்றால் 200 மில்லிகிராம், எங்கே போனாலும் அதுதான். ரத்தி என்ற பழைய எடைக் கணக்கு கடைக்குக் கடை மாறும். இன்னொன்று, மாணிக்கத்தின் அடர்த்தி சுமார் 4, மரகதத்துக்கு 2.7தான். அதனால் ஒரே எடையில் மரகதம் பெரிதாகத் தெரியும், ஏமாந்ததாக நினைக்க வேண்டாம்.

ராசிக்கல் வாங்குகிறவர்கள் பெயரைக் கவனியுங்கள். நம் கடைகளில் கனகபுஷ்பராகம் என்று விலை சொல்வது மஞ்சள் நிறக் குருந்தம், அதாவது மாணிக்கம், நீலம் இரண்டின் கூடப்பிறந்த கல். அதே பெயரில் டோபாஸையும் சிட்ரினையும் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். கோமேதகம் ஓரளவு சுலபம். அது கார்னெட் வகை, லென்ஸில் பார்த்தால் உள்ளே சூடான வெல்லப்பாகு மாதிரி நெளிந்து கிடக்கும். கிரகம் வேலை செய்யுமா என்று என்னிடம் கேட்காதீர்கள், அது என் துறை இல்லை.

இப்போது முக்கியமான விஷயம், கல்லுக்குச் செய்யும் சிகிச்சை. சந்தையில் இருக்கும் மாணிக்கம், நீலத்தில் பெரும்பகுதி சூடாக்கியவை. இலங்கை, தாய்லாந்து வழி வருகிறவற்றில் இது சர்வசாதாரணம். சூடாக்கியதால் வந்த நிறம் போகாது, பயப்பட வேண்டாம். சூடாக்காத நல்ல கல்லுக்கு விலை பல மடங்கு என்பதால் அதைச் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவே. பயப்பட வேண்டியது கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்துக்கு. விரிசல் மண்டிய மட்டமான கல்லில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பினால் தெளிந்த சிவப்பாக மாறிவிடும். 2004 வாக்கில் சந்தைக்கு வந்தது, இன்றும் ஓடுகிறது. லென்ஸில் திருப்பினால் விரிசலுக்குள் நீலப் பளிச் ஒன்று ஓடும். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்தக் கண்ணாடி அரிக்கத் தொடங்கும். பெரிய, சிவந்த, சுத்தமான மாணிக்கம் சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது என்றால் இதுவாகவோ செயற்கையாகவோதான் இருக்கும்.

மரகதத்துக்கு எண்ணெய். மரகதம் பெரில் என்ற கனிம வகை. நம் காங்கயம் பக்கத்துப் படியூரில் கிடைத்த அக்வாமரினும் அதே குடும்பம்தான், ஆனால் அது தெளிவாகக் கிடைக்கும். மரகதம் விரிசல் இல்லாமல் கிடைப்பது அபூர்வம். அந்த விரிசலை மறைக்க நிறமற்ற எண்ணெயோ பிசினோ இறக்குவது தொழில் ஒப்புக்கொண்ட வழக்கம். உங்கள் மோதிரத்திலும் அநேகமாக இருக்கும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. பரிசோதனை அறிக்கையில் எண்ணெய் குறைவு, மிதம், அதிகம் என்று குறிப்பார்கள். குறைவு என்றால் நிம்மதி. பச்சைச் சாயம் கலந்த எண்ணெய் என்றால் அது ஏமாற்று, திருப்பிக் கொடுங்கள்.

எண்ணெய் போனால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு அக்கா மோதிரத்தோடே தினமும் வெந்நீரில் பாத்திரம் கழுவியிருக்கிறார். அப்பா அதை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தபோது, பச்சைக்குள் வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியிருந்தது. கல் உடைந்துவிட்டது என்று அந்த அக்கா அழுதே விட்டார். உடையவில்லை, எண்ணெய் காய்ந்திருந்தது. கழற்றி மறுபடி எண்ணெய் இறக்கியதும் முக்கால்வாசி மறைந்தது.

ஆகவே மரகதத்துக்கு வெந்நீர் கூடாது, பாத்திர சோப் கூடாது. கடைகளில் "மெஷின்ல போட்டு இலவசமா கிளீன் பண்ணித் தரோம்" என்பார்கள். அந்த அல்ட்ராசோனிக் மெஷினில் மரகதம், முத்து, பவளம், ஓபல், கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் எதையும் போட விடாதீர்கள். வெறும் தண்ணீர், ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பு, மெல்லிய பிரஷ், உடனே துடைத்தல் போதும். திறந்த கட்டடத்தில் உள்ள மாணிக்கம், நீலம் என்றால் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் நன்றாகவே வேலை செய்யும், பின்பக்கம் சேர்ந்திருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு கழன்றுவிடும். புளி, எலுமிச்சை, பல்பொடி இவை எதற்கும் வேண்டாம். பல்பொடி 22 கேரட் தங்கத்தையே தேய்க்கும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சரக்கு, புளித்தண்ணீர் பட்டால் மெருகு போய்விடும். செண்ட் அடித்து, பவுடர் போட்டு முடித்த பிறகு கடைசியாக முத்தை அணியுங்கள், வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்றுங்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், கடினத்தில் பத்துக்கு 7. முத்து, பவளம், ஓபல், டர்காய்ஸ் எல்லாம் அதற்குக் கீழே. சில்வர் பீச்சில் காலாற நடந்துவிட்டு வந்து உலர்ந்த கைக்குட்டையால் மோதிரத்தைத் தேய்த்தால், தேய்ப்பது மணலால்தான். முதலில் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடலில் இறங்கும்போது மோதிரமே வேண்டாம், குளிர்ந்த நீரில் விரல் சுருங்கிக் கழன்றுவிடும். வீட்டில் எல்லா நகையையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். வைரம் மாணிக்கத்தைக் கீறும், மாணிக்கம் மரகதத்தைக் கீறும்.

பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியே இருக்கிறதா என்று பாருங்கள். கல்லைத் தங்க விலைக்கு வாங்கிவிடக்கூடாது. ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் சுத்தத்துக்கு மட்டும், கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. குந்தன், போல்கி, ஜடாவ் என்ற கல் பதித்த நகை வகைகளுக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்தே விலக்கு உண்டு. கல்லுக்குத் தனி அறிக்கை கேளுங்கள். அதில் "இயற்கை" என்ற சொல்லோடு நிறுத்தாமல், சிகிச்சை என்ற வரிக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

மோதிரம் இறுக்கமாக இருந்து அளவு மாற்றக் கொடுத்தால், கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்பு காட்ட வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். மரகதம் ஊதுகுழல் சூட்டில் விரிசல் விட்டுவிடும். மாணிக்கம் சூடு தாங்குமே என்று சிலர் அப்படியே பற்றவைப்பார்கள். ஆனால் பற்றவைப்புக்குப் போடும் வெங்காரம் அந்தச் சூட்டில் மாணிக்கத்தின் மேல்பரப்பையே அரிக்கும், பட்டை மங்கிவிடும். மறுபடி மெருகேற்றினால் எடை குறையும், அந்தக் கூலியையும் உங்களிடம்தான் கேட்பார்கள்.