முதலாளி ரெண்டாம் நோட்டு போடச் சொன்னால்?

காரைக்குடியில் பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறீர்கள். பில் போடாத விற்பனையைத் தனி நோட்டில் எழுதச் சொல்கிறார்கள். 'நான் வெறும் சம்பளக்காரன்தானே, எனக்கென்ன?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

சம்பளக்காரர் என்பது கவசம் ஆகாது. 2017 மத்திய ஜிஎஸ்டி சட்டம் 122ஆம் பிரிவில், உடந்தையாக இருப்பவருக்கே 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பில் போடாதவருக்கு 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, எது அதிகமோ அது.

இதைக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்லுங்கள். "அண்ணே, உங்க கணக்கை நான்தான் எழுதுறேன். ரெண்டாம் நோட்டுல மட்டும் என் கையெழுத்து வேண்டாம்" என்றால் போதும். நம்மூர்க்காரர்களுக்கு இது புரியாத பேச்சு இல்லை. அந்தக் காலத்தில் பர்மாவுக்கு மூன்று வருஷக் கெடுவில் ஏஜெண்டை அனுப்பிவிட்டு, முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடல் தாண்டி வரும் ஐந்தொகையை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கை, நம்பித்தான் தொழிலே நடந்தது. (பேரேட்டில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுப் பொய் எழுதுவதும் ஒரு துணிச்சல்தான்!)

கேட்கவில்லையா? சரி, வேறு வேலை தேடத் தொடங்குங்கள். அதுவரை அந்த நோட்டைத் தொடாதீர்கள்.