அப்பா கையெழுத்து வைக்கக்கூடிய காலத்திலேயே செய்ய வேண்டியவை

கேள்வி: வெள்ளவத்தையில் அப்பா, அம்மாவுடன் இருக்கிறேன். அப்பாவுக்கு 77 வயது. மறதி நோயின் ஆரம்பம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். நாங்கள் இருக்கும் தொடர்மாடி வீடும் நிலையான வைப்பும் அப்பாவின் பெயரில் மட்டுமே உள்ளன. யாழ்ப்பாணத்தில் அம்மாவின் சீதனக் காணி ஒன்றும் உண்டு. அண்ணா கனடாவில், தங்கச்சி லண்டனில். "பார்க்கிறவள் நீதானே, வீட்டை உன் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதிவிடுகிறேன்" என்கிறார் அப்பா. பவர் ஒஃப் அற்றோணி ஒன்று எடுத்தால் போதும் என்கிறார் அண்ணா. எதைச் செய்வது? (வாசகி, கொழும்பு 6)

பதில்: இரண்டுமே உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது. வீடு யாருக்கு என்பதைப் பிறகு பேசலாம். நாளை அப்பாவால் கையெழுத்து வைக்க முடியாமல் போனால் அவருடைய மருந்துக்கும் பராமரிப்புக்கும் பணம் எங்கிருந்து, யார் கையெழுத்தில் வரும் என்பதை முதலில் பாருங்கள்.

அண்ணா சொன்ன வழியை எடுத்துக்கொள்வோம். அற்றோணித் தத்துவம் (பவர் ஒஃப் அற்றோணி) நல்ல ஆவணம்தான். நொத்தாரிசு முன் எழுதி, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்துவிட்டால், அப்பாவுக்காக வங்கி, காணிக் கந்தோர் அலுவல்களை நீங்கள் பார்க்கலாம். ஆனால் அந்த அதிகாரம் அப்பாவிடமிருந்து வருவது. தான் என்ன செய்கிறோம் என்று விளங்கிக்கொள்ளும் நிலையை அவர் இழந்தால், உங்கள் அதிகாரமும் அன்றே முடிந்துவிடும். இறப்புக்கும் இதே விதிதான். உங்கள் தங்கச்சி, "இங்கே அப்படி இல்லையே" என்று சொல்லக்கூடும். இங்கிலாந்தில் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நினைவு போன பிறகும் செல்லுபடியாகும் அதிகாரப் பத்திரம் எழுதலாம். இலங்கையில் அப்படி ஒன்று இல்லை. மிகத் தேவையான நாளில் கைவிடுகிற பத்திரம் இது என்று என்னிடம் வருபவர்களிடம் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஏனென்றால் வங்கி கேள்வி கேட்காதவரை அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிறகொரு நாள் பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால், அந்தக் காலத்தில் வைத்த ஒவ்வொரு கையெழுத்துக்கும் நீங்கள் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிவரும்.

ஆகவே பத்திரத்தை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அதைவிட அவசரம் வங்கி அலுவல். அப்பா தானே கிளைக்கு வந்து பேசக்கூடிய இந்த மாதங்களிலேயே, நிலையான வைப்பில் ஒரு பகுதியையாவது அம்மாவும் நீங்களும் சேர்ந்த கூட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். எவராவது ஒருவர் தனியாக எடுக்கலாம் என்ற அறிவுறுத்தல் அதில் இருக்க வேண்டும். "நொமினி போட்டிருக்கிறோம்" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நியமனம் அப்பா இறந்த பிறகுதான் வேலை செய்யும், படுக்கையில் இருக்கும்போது உதவாது. கூட்டுக் கணக்கு திறக்கும் அன்றே, இந்தப் பணம் எங்கள் இருவரின் பராமரிப்புக்கு என்று அப்பா கையொப்பமிட்ட கடிதம் ஒன்றையும் வாங்கி வையுங்கள். செலவுக்கு ஒரு கொப்பி போட்டு, பற்றுச்சீட்டுகளை ஒட்டி வாருங்கள். கனடாவிலிருந்து கேள்வி வருகிற நாளில் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தக் கொப்பிதான்.

இனி வீடு. அப்பாவின் அன்பு விளங்குகிறது. ஆனாலும் நன்கொடை உறுதி அவசரப்பட வேண்டிய காரியமில்லை. எழுதிவிட்டால் அவர் நினைத்தபடி திரும்பப் பெற முடியாது. மீட்டெடுக்க முடியாத நன்கொடையைக் கடும் நன்றியின்மைக்காக இரத்துச் செய்ய 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அதற்கும் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். சீவிய உரித்தை, அதாவது உயிருள்ளவரை வீட்டை அனுபவிக்கும் உரிமையை, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒதுக்கி எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம். யாரும் அவர்களை வெளியேற்ற முடியாது என்பதால் அது பாதுகாப்புத்தான். சிக்கல் வேறு இடத்தில் வரும். முழுநேரப் பராமரிப்பாளர், ஆஸ்பத்திரி என்று செலவு ஏறி வீட்டை விற்கத்தான் வேண்டும் என்றால், சீவிய உரித்தை விட்டுக்கொடுக்க அப்பா கையெழுத்து வைக்க வேண்டும். அப்போது அவரால் முடியாது.

"அப்படியென்றால் அம்மாவின் பெயருக்கு மாற்றிவிடு" என்று சொந்தக்காரர் யாராவது சொல்வார்கள். பொறுங்கள். உங்கள் குடும்பம் தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்டதாக இருந்தால், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கவோ நன்கொடை கொடுக்கவோ கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இந்தக் காலத்திலும் இப்படியா என்று கோபம் வரலாம், எனக்கும் வரும். ஆனால் சட்டம் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. வீடு கொழும்பில் இருக்கிறது என்பதால் தப்ப முடியாது, ஏனென்றால் தேசவழமை ஆளைப் பின்தொடரும் சட்டம். கொழும்பில் நிலையாகக் குடியேறிவிட்ட குடும்பத்துக்கு அது பொருந்துமா என்பது தனி வாதம், அதை உங்கள் ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சீதனக் காணியிலும் இதே பூட்டு இருக்கிறது. அதை விற்று வைத்தியச் செலவுக்கு வைக்கும் எண்ணம் அம்மாவுக்கு இருந்தால், அப்பா சம்மதக் கையெழுத்து வைக்கக்கூடிய இப்போதே செய்யுங்கள். தாமதித்தால் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். மரணசாசனம் (உயில்) எழுதுவதற்கு மட்டும் அம்மாவுக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

அப்பாவின் வீட்டுக்கும் நான் சொல்லும் வழி மரணசாசனம்தான். அம்மாவுக்குச் சீவிய உரித்து, அதன் பிறகு வீடு உங்களுக்கு, அல்லது உங்களுக்குப் பெரிய பங்கு. நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளுடன் எழுதலாம், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் வேண்டும். பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு என்று எங்கள் பொதுச் சட்டத்தில் இல்லை. விரும்பியவருக்கு எழுதலாம், மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். மரணசாசனம் இல்லாவிட்டால், அப்பா உழைத்து வாங்கிய வீட்டில் பாதி அம்மாவுக்கும் மீதி மூன்று பிள்ளைகளுக்கும் போகும்.

மறதி நோய் என்று வைத்தியர் சொன்னதாலேயே கையெழுத்து செல்லாது என்றில்லை. எழுதும் நேரத்தில் தன் சொத்து எது, தன் பிள்ளைகள் யார், தான் செய்வது என்ன என்று அவருக்கு விளங்கியதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். அதனால் அதே கிழமையில் மனநல அல்லது நரம்பியல் வைத்திய நிபுணரிடம் காட்டிக் கடிதம் எடுங்கள். தமிழில் எழுதக்கூடிய நொத்தாரிசாக, அப்பாவே தெரிந்தெடுத்தவராக இருக்கட்டும். அப்பாவை நீண்ட நாள் தெரிந்த, சொத்தில் பங்கில்லாத இருவர் சாட்சியாகட்டும். கையெழுத்து நடக்கும் அறையில் நீங்கள் இருக்க வேண்டாம், தேநீர் கொடுக்கவும் போகாதீர்கள். பெறுபவர் பக்கத்தில் நின்று எழுதுவித்த மரணசாசனத்தைத்தான் புதுக்கடை நீதிமன்றங்களில் முதலில் சந்தேகிப்பார்கள்.

இதில் எதுவும் செய்யாமல் அப்பாவின் நிலை மோசமானால் என்ன ஆகும்? குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, அவர் தன் காரியங்களைப் பார்க்க முடியாதவர் என்று மருத்துவச் சாட்சியத்துடன் நிரூபித்து, சொத்துக்கு முகாமையாளர் ஒருவரை நியமிக்கக் கேட்கலாம். வழி இருக்கிறது, ஆனால் மெதுவானது. நியமனம் கிடைத்த பிறகும் வீட்டை விற்க நீதிமன்றத்திடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

அண்ணாவும் தங்கச்சியும் மாதம் எவ்வளவு அனுப்புவார்கள் என்பதையும் இப்போதே எழுத்தில் வையுங்கள். 60 வயதைக் கடந்த பெற்றோர், பராமரிக்காத பிள்ளையிடம் பணம் கோரி, 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். கொழும்பில் இருக்கும் பிள்ளை விஷயத்தில் அது பயன்படும். ரொரொன்ரோவில் இருக்கும் பிள்ளையிடமிருந்து பணம் வர வைப்பது வேறு கதை. மூவரும் ஒருநாள் காணொளி அழைப்பில், அப்பாவையும் சேர்த்து வைத்துக்கொண்டு பேசுங்கள். பேசி முடிவானதை அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி எல்லாருக்கும் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். மரணசாசனத்தில் உங்களுக்கு ஏன் கூடுதல் பங்கு என்பதை அப்பா தன் வாயாலேயே அவர்களிடம் சொல்லிவிட்டால், பின்னால் வழக்குப் போட நினைப்பவர்களும் யோசிப்பார்கள்.

சட்ட ஆலோசனைக்கு வரும்போது வீட்டு உறுதி, அம்மாவின் சீதன உறுதி, இருவரின் விவாகப் பதிவுச் சான்றிதழ், வைப்புச் சான்றிதழ்களின் பிரதி, வைத்தியரின் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். அப்பாவைக் காலையில் அழைத்து வாருங்கள். மறதி உள்ளவர்களில் பலருக்குப் பின்னேரம் ஆக ஆகக் குழப்பம் கூடும்.