குறைந்த செலவில் கிராபிக்ஸ் கார்டு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அலுவலகமொன்றில் பயன்படுத்திக் கழித்த பழைய டெஸ்க்டாப்பை வாங்கியிருக்கிறேன். அதன் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) 240 வாட்தான். கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் வயரும் இல்லை. எதைப் போடலாம்?

பதில்: மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக்கூடிய மின்சாரம் அதிகபட்சம் 75 வாட் என்பதால், அந்த வரம்புக்குள் இயங்கும் கார்டுகளில் மட்டுமே நீங்கள் தேட வேண்டும். 70 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டும், ஜிடிஎக்ஸ் 1650-இல் தனி இணைப்பு கேட்காத மாடல்களும் அதற்குள் அடங்கும். கடையில் வெறுமனே "3050" என்று கேட்டுவிடாதீர்கள். 8 ஜிபி கார்டு 130 வாட் வரை எடுக்கும். அதற்குத் தனி வயர் வேண்டும். 6 ஜிபி கார்டில் நினைவகம் மட்டுமா குறைந்திருக்கிறது? கணக்கிடும் கோர்களின் எண்ணிக்கை 2560-இலிருந்து 2304 ஆகவும், நினைவகப் பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகவும் குறைக்கப்பட்டுள்ளன. இவ்வளவு வேறுபட்ட இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தது வாங்குபவருக்குச் செய்த அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் உங்கள் கணினிக்கு 6 ஜிபி கார்டே பொருந்தும். கேபினெட் ஒடுக்கமானதாக இருந்தால் உயரம் குறைந்த லோ புரொஃபைல் மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அண்ணா, என்னிடம் ரைசன் 5 5600ஜி பிராசஸர் இருக்கிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாகக் கிடைக்கிறது. ஆர்எக்ஸ் 6600 வாங்க இன்னும் சில மாதங்கள் சேமிக்க வேண்டும். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருங்கள், தம்பி. 6500 எக்ஸ்டி கார்டில் தரவு செல்லும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்கள் நான்குதான். நான்காம் தலைமுறை வேகத்தில் அவை ஓரளவு ஈடுகொடுக்கும். உங்கள் 5600ஜி மூன்றாம் தலைமுறையைத் தாண்டாது என்பதால், பி550 மதர்போர்டே வைத்திருந்தாலும் அந்த வேகம் பாதியாகிவிடும். கார்டின் நினைவகமும் 4 ஜிபிதான். இன்றைய பெரிய கேம்களில் அது நிரம்பியதும், மிச்சமுள்ள டெக்ஸ்சர்களை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களை) கணினியின் ராமிலிருந்து அந்தக் குறுகிய வழியிலேயே இழுத்துவர வேண்டியிருப்பதால், திரையில் காட்சி திக்கித் திக்கி ஓடும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. விளையாடுபவரின் கை உடனே உணர்ந்துவிடும். விளையாட்டைப் பதிவுசெய்ய உதவும் வீடியோ என்கோடரும் அந்தக் கார்டில் கிடையாது. ஆர்எக்ஸ் 6600-இல் எட்டுத் தடங்களும் 8 ஜிபி நினைவகமும் இருப்பதால், மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டிலும் அது சிறிதளவே இழக்கும். 132 வாட் எடுக்கும் அதற்குத் தரமான 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும்.

கேள்வி: கிரிப்டோ மைனிங்கில் ஓடிய செகண்ட்ஹேண்ட் கார்டை நம்பி வாங்கலாமா?

பதில்: 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையைக் கைவிட்ட பிறகு அத்தகைய கார்டுகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன, மைனிங்கில் ஓடியது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கார்டை ஒதுக்க வேண்டியதில்லை. ஃபேனும், சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கலாம், அவற்றை மாற்றிக்கொள்ளலாம். பணம் கொடுப்பதற்கு முன் விற்பவரின் எதிரிலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டி, திரையில் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா என்று பாருங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளையும் திறந்து பாருங்கள். பழைய சிப்பின் பயாஸைத் (கார்டில் பதிந்திருக்கும் மென்பொருளைத்) திருத்திப் புதிய பெயரில் விற்கப்படும் போலிகள் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 கோர்கள் இருக்க வேண்டும். 2048 என்று காட்டினால் அது உண்மையில் 570-க்கு நிகரான கார்டு; விலையையும் அதற்கேற்பவே பேசுங்கள்.

கேள்வி: ஜிடி 1030 மிகவும் மலிவாக இருக்கிறதே?

பதில்: கேம் விளையாட அதை வாங்க வேண்டாம். அதிலும் டிடிஆர்4 நினைவகம் கொண்டதைத் தொடவே தொடாதீர்கள். ஜிடிடிஆர்5 கொண்ட அதே பெயர்க் கார்டு நொடிக்கு 48 ஜிபி தரவைக் கையாளும்போது, இது ஏறத்தாழ 17 ஜிபியைத்தான் கையாளும்.

கேள்வி: இன்டெல் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி நினைவகம் இருக்கிறது. என்னுடைய ஏழாம் தலைமுறை ஐ5 கணினியில் போடலாமா?

பதில்: கார்டு நல்லதுதான், உங்கள் கணினிக்கு உகந்ததன்று. கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத மதர்போர்டில் அது வெகுவாகத் தடுமாறும். பழைய பிராசஸரோடு சேர்ந்தால் அதன் டிரைவரின் சுமையும் கூடும். அந்தப் பணத்தில் பழைய ஆர்எக்ஸ் 6600 ஒன்றை வாங்கி, மிச்சத்தில் இரண்டு ராம் குச்சிகளாக்கி ராமை இரட்டைச் சேனலாக்கிக்கொள்ளுங்கள்.