வால் ரோட்டார் இல்லாத ஹெலிகாப்டர் ஓவியம்: வரைந்தவர் மறந்துவிட்டாரா?

மறக்கவில்லை. உங்களிடம் உள்ள தேதியில்லாத பத்திரிகைத் துணுக்கில் வரைந்திருக்கும் ஹெலிகாப்டரின் மேலே சுழலும் ரோட்டார் இறக்கை நுனிகளில் குட்டிக் குழாய்கள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அவை பெரும்பாலும் ராம்ஜெட் எஞ்சின்கள், அதாவது வேகமாகப் பாயும்போது உள்ளே அழுந்தும் காற்றில் எரிபொருளை எரிக்கும் எளிய ஜெட் எஞ்சின்கள். அப்படியானால் வால் ரோட்டார் கட்டாயமில்லை.

வழக்கமான ஹெலிகாப்டரில் உடலுக்குள் இருக்கும் எஞ்சின்தான் ரோட்டாரைச் சுற்றுகிறது. அதனால் உடல் எதிர்ப்பக்கம் சுழல முயலும். அதைத் தடுக்கவே வால் ரோட்டார். நுனியிலேயே எஞ்சின் இருந்தால் அந்த முறுக்கு உடலுக்கு வராது. அமெரிக்காவின் ஸ்டான்லி ஹில்லர் 1950 வாக்கில் ஹார்னெட் என்ற குட்டி ஹெலிகாப்டரை இப்படித்தான் செய்தார். பாப்புலர் மெக்கானிக்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையின் 1951 பிப்ரவரி அட்டையில் ஒருவர் தன் ஹெலிகாப்டரை வீட்டு கராஜுக்குள் தள்ளிக்கொண்டு போவார். அதுவும் ராம்ஜெட் கனவுதான். சத்தமில்லாத எஞ்சின் என்று வேறு எழுதினார்கள்! உண்மையில் அது காது கிழிய அலறும், எரிபொருளையும் குடித்துத் தீர்க்கும்.

ஒரு லென்ஸை எடுத்து மூக்குப் பக்கம் பாருங்கள். அங்கே புரொப்பெல்லர் இருந்தால் அது ஹெலிகாப்டராக இல்லாமல் ஆட்டோஜைரோவாக இருக்கலாம். அதில் எஞ்சின் புரொப்பெல்லரைச் சுற்றும், மேல் ரோட்டார் காற்றோட்டத்தில் தானாகச் சுழலும். சியெர்வா என்ற பொறியாளர் ஆட்டோஜைரோவை ஸ்பெயினில் 1923இல் பறக்கவிட்டார். அப்புறம் 1930களின் பத்திரிகை அட்டைகளில் அது நிறையவே வரும்.

ஆனால் இதெல்லாம் படத்தின் காலத்தைத்தான் சொல்லும், தாளின் காலத்தை அல்ல. கறுப்பு எழுத்துகளின் ஓரமும் வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் பின்னாளில் ஸ்கேன் செய்து அச்சிட்ட பிரதியாக இருக்கலாம். விலை பேசுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.