முப்பது மைல் வெளியே வழிவலை: ஃபைபர் படகில் போகலாமா?

வாலிநோக்கம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 28 அடி ஃபைபர் படகு, 9.9 எச்.பி. அவுட்போர்டு எஞ்சின், ஆட்கள் மூன்று பேர். இதுவரை தீவுகளை ஒட்டிப் பத்து மைலுக்குள்தான் தொழில். கரையோரம் மீன்பாடு இல்லாததால், 30 மைல் வெளியே போய் இரவு தங்கி, சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் வழிவலை (நீரோட்டத்தோடு மிதக்கவிடும் வலை) விட நினைக்கிறார். "ஆடி முடிந்ததும் கிளம்பலாம் என்று இருக்கிறோம். என்னென்ன வாங்கிக்கொண்டு போகவேண்டும் ஐயா?" என்று கேட்கிறார். மைல் என்று இங்கே வருவதெல்லாம் நாட்டிக்கல் மைல், அதாவது 1.85 கி.மீ.

தம்பி, வாங்க வேண்டிய சாமான்களுக்குப் பிறகு வருகிறேன். ஆடி முடிந்த கையோடு போகாதீர்கள். கச்சான் காற்று ஆவணியிலும் அடங்காது. மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வரை காற்று, இடையிடையே 65 கி.மீ. என்று வானிலைத் துறை எச்சரிக்கை கொடுப்பது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். உங்கள் படகுக்கும் எஞ்சினுக்கும் அது ஆகாது. புரட்டாசிக் கடைசியில் கச்சான் ஓய்ந்து கடல் கொஞ்சம் அமைதியாக இருக்கும். ஆனால் அதை ஒட்டியே புயல் காலம் தொடங்கிவிடும். வெளிக்கடல் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மாசியும் பங்குனியும்தான் நல்ல காலம்.

உங்கள் ஊரிலிருந்து ஆழ்கடல் தெற்கிலும் தென்கிழக்கிலும் இருக்கிறது. கச்சான் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் அடிக்கும். வாடை வடகிழக்கிலிருந்து வரும். ஆக வாடைக் காலத்தில் போகும்போது காற்று பெரும்பாலும் உங்களுக்குச் சாதகம், மீனை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது எதிர். கச்சானிலும் தென்கிழக்கே போயிருந்தால், மேற்குக் காற்று திரும்பும்போது எதிராகும். வாடைக் காலத்தில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். பத்து மைல் தாண்டினால்தான் அலை எழும்பியிருப்பது தெரியும். கரையில் நின்று கடலைப் பார்த்து முடிவெடுக்கிற பழக்கம் பத்து மைலுக்குள் சரி, முப்பதுக்குப் போதாது.

இதனால்தான் எரிபொருள் கணக்கைத் திரும்பி வரும் வழியிலிருந்து போடச் சொல்கிறேன். போகும்போது மணிக்கு 6 மைல் ஓடினால் 30 மைலுக்கு ஐந்து மணி நேரம். எதிர்க்காற்றில் திரும்பும்போது 4 மைல்தான் கிடைக்கும் என்று வையுங்கள்: ஏழரை மணி நேரம். எஞ்சின் மணிக்கு 5 லிட்டர் குடித்தால் போக 25, வர 37 அல்லது 38. வலை விடவும் வாங்கவும் 10. ஆகமொத்தம் 72, 73 லிட்டர். அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு, தொடாமல் வைக்க. கிட்டத்தட்ட 100 லிட்டர் வரும். போகும் வழியை இரண்டால் பெருக்கி 60 லிட்டரோடு கிளம்புகிறவர்கள்தான் கரை தெரியும் தூரத்தில் எண்ணெய் தீர்ந்து நிற்கிறார்கள். ஐந்து லிட்டர் என்று நான் சொன்னது உதாரணத்துக்கு. உங்கள் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்று ஐஸ், வலை, ஆள் எல்லாம் ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டி அளந்து பாருங்கள்.

வானிலை பார்க்கும்போது காற்றோடு அலையையும் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தினமும் அலை உயரம் சொல்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலியில் அதைத் தமிழிலேயே பார்க்கலாம், இலங்கைக் கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால் எச்சரிக்கையும் வரும். ஆனால் ஒன்றரை மீட்டர் அலை என்று அதில் போட்டிருந்தால், வருகிற அலையெல்லாம் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் என்று பொருளில்லை. எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் சராசரியைத்தான் சொல்கிறார்கள். ஓர் இரவு முழுக்கக் கடலில் கிடந்தால் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் ஓர் அலையாவது வரும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி என்பதும் அதே அளவு முக்கியம். ஒன்றரை மீட்டர் அலை 12 விநாடிக்கு ஒன்று வந்தால் படகு ஏறி இறங்கிவிடும். அதே உயரம் 5 விநாடிக்கு ஒன்று என்றால் அணியம் (படகின் முன்பக்கம்) எழுவதற்குள் அடுத்தது விழுந்து தண்ணீர் உள்ளே வரும். முன்னறிவிப்பில் ஒரு மீட்டருக்கு மேல் இருந்தால் உங்கள் படகில் இரவு தங்கப் போகவேண்டாம் என்பதே என் கருத்து.

கிளம்பிய பிறகு வானிலை மாறினால் உங்களுக்கு எப்படித் தெரியும்? 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயலானபோது ஏராளமான படகுகள் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. பாம்பனில் ஏற்றும் புயல் கூண்டும் கடலுக்குள் இருப்பவருக்குத் தெரியாது. செல்போன் சிக்னல் முப்பது மைலுக்கு வராது. கையில் வைத்துப் பேசும் விஎச்எஃப் வானொலிக் கருவி, கடல்மட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குச் சில மைல்தான் எட்டும். அதனால் தனிப்படகாகப் போகாதீர்கள். இன்னொரு படகோடு சோடி சேர்ந்து, ஒருவர் விளக்கு மற்றவருக்குத் தெரியும் தூரத்தில் வலை விடுங்கள். இஸ்ரோ உருவாக்கிய டாட் என்ற ஆபத்து அறிவிப்புக் கருவியைப் பற்றி மீன்வளத் துறையில் கேளுங்கள். பொத்தானை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படையின் மையத்துக்குப் போகும். 2024-ல் வந்த புதிய வகையில் செய்தி கிடைத்துவிட்டது என்ற பதிலும் படகுக்குத் திரும்பி வரும். சாமான் கேட்டீர்கள் அல்லவா, காசு செலவு செய்வதானால் முதலில் இதற்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் செய்யுங்கள்.

விஎச்எஃப்-இல் உதவி கேட்பது 16-ஆம் சேனலில். "மேடே" என்று மூன்று முறை, படகின் பெயர், இடம், எத்தனை பேர், என்ன கோளாறு. இடம் சொல்லும்போது ஜிபிஎஸ் திரையில் உள்ளதை அப்படியே ஒவ்வோர் எண்ணாகப் படியுங்கள். 52.9 நிமிடம் என்று இருப்பதை 52 நிமிடம் 9 விநாடி என்று சொல்லிவிட்டால் உங்களைத் தேடி வருகிறவர்கள் ஏறக்குறைய 1.4 கி.மீ. தள்ளிப்போய்த் தேடுவார்கள். இரவில், அலையில், அந்தத் தூரத்தில் ஒரு ஃபைபர் படகு கண்ணில் படாது.

எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துவிடுங்கள். கச்சானில் நின்றால் மணிக்கு ஒன்றரை, இரண்டு மைல் வீதம் கிழக்கே ஒதுங்குவீர்கள். 1976 ஒப்பந்தப்படி மன்னார் வளைகுடாவில் வகுத்த எல்லைக்கோடு அந்தப் பக்கம்தான். ஒரு பகல் ஓர் இரவுக்குள் கோட்டைத் தாண்டிவிடலாம். வாடையில் நின்றால் தென்மேற்கே, ஒரு தீவும் இல்லாத கடலுக்குள் போவீர்கள். ஆழ்கடலில் நங்கூரம் தரை தொடாது. கேன்வாஸில் கூம்பாகத் தைத்த, வாய் அகன்ற ஒரு பையை நீளக் கயிற்றில் அணியத்தில் கட்டி இறக்கினால் படகு காற்றைப் பார்த்து நிற்கும், ஒதுங்குவதும் பாதியாகக் குறையும். அது இல்லாவிட்டால் வலையையே அணியத்தில் கட்டிவிடுங்கள். பக்கவாட்டில் அலையை வாங்குவதுதான் படகைக் கவிழ்க்கும்.

எஞ்சின் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் நிற்கும். அவுட்போர்டின் பின்னால் பீச்சிக்கொண்டு வரும் குளிர்விக்கும் தண்ணீரை அடிக்கடி பாருங்கள். அந்தப் பீச்சு மெலிந்தால் உடனே நிறுத்தி எஞ்சினைத் தூக்குங்கள். கீழே தண்ணீர் இழுக்கும் துளைகளில் கேரி பேக்கோ கடல்தாழையோ ஒட்டியிருக்கும். எடுத்துவிட்டு ஓட்டினால் சரியாகிவிடும். கவனிக்காமல் பத்து நிமிடம் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துவிடும், அதற்குக் கடலில் வைத்தியம் இல்லை. சத்தம் மாறி வேகம் குறைந்தால் விசிறியில் (புரொப்பெல்லரில்) வலை நரம்பு சுற்றியிருக்கும். ஸ்பார்க் பிளக், ஷியர் பின், ஃபில்டர், சாவிகள், ஒரு நல்ல கத்தி, எல்லாவற்றையும் நனையாத டப்பாவில் வையுங்கள். இரண்டு துடுப்பும், பாயாகக் கட்ட ஒரு தார்ப்பாயும் கழியும் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு ஓட்டுகிறவர் கையில் இருக்கட்டும். அவர் தவறி விழுந்தால் படகு அவரை விட்டுவிட்டு ஓடக்கூடாது.

குடிதண்ணீர் ஓர் ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர், திட்டமிட்டதற்கு மேல் மூன்று நாளுக்கு. மூன்று பேருக்கு 27 லிட்டர் கூடுதலாக வரும். பாரம்தான், ஆனாலும் வேண்டும். லைஃப் ஜாக்கெட்டை அடியில் திணித்து வைக்காமல் இருட்டியதிலிருந்து விடியும்வரை போட்டிருங்கள். படகு கவிழ்ந்தால் நீந்திக் கரைக்குப் போக முயலாமல் படகைப் பிடித்துக்கொண்டிருங்கள்.

திரும்பும் நேரத்தைப் பகலில் வையுங்கள். கீழக்கரைத் தீவுகளைச் சுற்றியுள்ள பார்களில் (கடலடிப் பாறைத் திட்டுகளில்), ஆழ்கடலில் கண்ணுக்குத் தெரியாத தெற்கத்தி அலை வந்து உடையும். அந்த இடைவெளிகள் உங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும் என்றாலும், தூக்கம் கெட்ட உடம்போடு இருட்டில் நுழையவேண்டாம். விடியும்வரை வெளியே கிடந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

கிளம்புமுன் வீட்டில் ஒருவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: எந்தத் திசை, எத்தனை மைல், கூட வரும் படகு எது, எத்தனை மணிக்குக் கரை. அந்த நேரம் கடந்து மூன்று மணி நேரம் ஆகியும் வராவிட்டால், யாரிடமும் யோசனை கேட்காமல் கடலோரக் காவல்படையின் 1554-ஐ அழைக்கவேண்டும் என்று சொல்லி வையுங்கள். 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண். "வந்துவிடுவார்கள்" என்று மறுநாள்வரை காத்திருந்தால் தேடவேண்டிய கடலின் பரப்பு பல மடங்காகிவிடும்.

அப்புறம் ஒன்று. எடுத்த எடுப்பிலேயே முப்பது வேண்டாம். மாசியில் சோடிப் படகோடு 15 மைல் போய், இரவு தங்கி, காலையில் திரும்பி, டாங்கில் எத்தனை லிட்டர் மிச்சம் என்று அளந்து பாருங்கள். அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள், முப்பதுக்கான கணக்கைச் சேர்ந்து போடலாம்.