பஸ்ஸில் நெஞ்சு படபடத்தால் இறங்கிவிடலாமா?

இறங்காதீர்கள். கொழும்பு வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, கொள்ளுப்பிட்டி வருவதற்குள் படபடப்புத் தாங்காமல் இறங்கிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இறங்குதல்தான் பயத்துக்குத் தீனி. இறங்கியதும் நிம்மதி வருகிறது இல்லையா? 'இறங்கியதால்தான் தப்பினோம்' என்று மூளை பதிந்துகொள்கிறது. அடுத்த நாள் பஸ் தரிப்பிடத்திலேயே பயம் தொடங்கிவிடும்.

படபடப்பு அட்ரினலின் செய்யும் வேலை. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகத் தணியும். விரல் நுனி மரத்துப்போனால், பெரும்பாலும் வேகமாக மூச்சு வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாலு எண்ணி மூக்கால் இழுங்கள், ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: வெறும் வயிற்றில் கடும் பிளேன்டீயோ கோப்பியோ குடித்துவிட்டா ஏறுகிறீர்கள்? கஃபீனும் இதே படபடப்பைத் தரும். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள்.

அப்புறம், எடுத்த எடுப்பில் புறக்கோட்டை வரை போக வேண்டாம். கூட்டமில்லாத ஞாயிறு காலையில் தொடங்குங்கள். பயம் பாதியாவது தணிந்த பிறகு இறங்குங்கள், இறங்க வேண்டிய இடம் தாண்டினாலும் பரவாயில்லை. எனக்கு லிஃப்டில் இதே பயம் இருந்தது. உள்ளங்கை வியர்வையில் பொத்தான் வழுக்கும். தினமும் ஏறி, மூன்றாவது வாரத்தில்தான் மாற்றம் தெரிந்தது.

ஆனால் நெஞ்சுவலி, மயக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் இதைப் பயம் என்று விட்டுவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்படி இல்லாவிட்டாலும் இதயத்தையும் தைரொய்டையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. தனியே சமாளிக்க முடியவில்லையென்றால் இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கு அழையுங்கள்.