லியோன் பயணத்துக்கு முன் பிறப்புச் சான்றிதழ்

கேள்வி: மகள் பிரான்சின் லியோன் நகரில் முதுகலை படிக்கப் போகிறாள். மறக்காமல் கொடுத்தனுப்ப வேண்டிய காகிதம் எது? – வாசகி, காவேரிப்பட்டணம்.

பதில்: பிறப்புச் சான்றிதழ்தான் அம்மா. அங்கே அரசு மருத்துவக் காப்பீட்டில் பதிய அதைக் கேட்பார்கள். அப்பா, அம்மா இருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளை மாட்டிவிடுவது இனிஷியல்: சான்றிதழில் ‘எம்’ என்ற ஓரெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. இரண்டும் ஒருவர்தானா என்ற சந்தேகத்தில் விண்ணப்பம் நின்றுவிடும். பிறப்பைப் பதிந்த அலுவலகத்திலேயே இப்போதே திருத்தி, பிறகு அப்போஸ்டில் முத்திரையும் (சான்றிதழை வெளிநாட்டிலும் ஏற்க, நம் வெளியுறவு அமைச்சகம் தரும் அத்தாட்சி) வாங்கிவிடுங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பை அங்கே நீதிமன்றப் பட்டியலில் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் செய்துகொள்ளட்டும். நீண்டகால மாணவர் விசாவை, போய் இறங்கிய 3 மாதத்துக்குள் ஆன்லைனில் பதிவு செய்யவும் சொல்லுங்கள்.